ஒன் கிளப்: ஓர் ஏல முறையின் சரித்திரம்

சீட்டுக்கட்டில் கிளாவருக்கு என்றைக்குமே மரியாதை குறைவு. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று அடுக்கும்போதே அது கடைசியில்தான் வரும். பிரிட்ஜ் ஆட்டத்திலும் நான்கு இனங்களில் அதுதான் அடிமட்டம். கிளாவரை பிரிட்ஜ் மேஜையில் ‘கிளப்’ என்பார்கள். ஏலத்தில் எல்லாவற்றிலும் மலிவான கேள்வி ‘ஒன் கிளப்’. ஆனால் 1957 முதல் 1975 வரை உலக சாம்பியன் பட்டமான பெர்முடா பௌலைப் பதின்மூன்று தடவை வென்ற இத்தாலிய அணியின் புகழ்பெற்ற ஜோடிகள் ‘ஒன் கிளப்’ என்று சொன்னால், கையில் கிளாவர் இருக்கிறது என்று அர்த்தமே இல்லை. “என் கை பலமான கை, நீ மேலே பேசு” என்றுதான் அர்த்தம்.

மிக மலிவான வார்த்தைக்கு மிக உயர்ந்த அர்த்தத்தைக் கொடுத்த இந்த யோசனை யாருக்கு வந்தது, எப்படித் தோற்றது, பிறகு எப்படி ஜெயித்தது என்பதைத்தான் இங்கே எழுத முயன்றிருக்கிறேன். ஆபீஸ் ரிக்ரியேஷன் கிளப்பில் கற்றுக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஆட்டத்தை ஆடி வருபவன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

‘சீட்டாட்டத்துக்கு ஒரு சரித்திரமா?’ என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. 1968-ல் ரம்மி சம்பந்தமான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னபோது, அதில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது உள்ள அதிர்ஷ்டம் போன்றதுதான் என்று பிரிட்ஜையே உதாரணம் காட்டியது. ஆக, பிரிட்ஜ் சூதாட்டம் அல்ல.

இன்னொரு கேள்வி இதைவிட நியாயமானது. “பார்ட்னருக்கு மட்டும் புரிகிற மாதிரி ஏதோ சொல்கிறீர்களே, இது ஜாடை காட்டுவது இல்லையா?” என்று பல மாமிகள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கத்து வீடுகளில் விடுமுறை நாட்களில் ‘இருபத்தெட்டு’ ஆடியவர்களுக்கும், திருநெல்வேலிப் பக்கம் ‘முந்நூற்று நாலு’ ஆடியவர்களுக்கும் ஜாடை எவ்வளவு பெரிய குற்றம் என்பது தெரியும். மூக்கைச் சொறிந்தால்கூட எதிர்க்கட்சி சண்டைக்கு வரும். இந்தக் கேள்விக்கான பதில் ‘ஒன் கிளப்’பின் சரித்திரத்திலேயே இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

ஆட்டம் என்ன?

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆகமொத்தம் பதின்மூன்று பிடி. முதலில் ஏலம். ‘ஒன்’ என்றால் ஆறுக்கு மேல் ஒன்று, அதாவது ஏழு பிடி எடுப்பதாக ஒப்பந்தம். ‘செவன்’ என்றால் பதின்மூன்றும் எடுப்பதாக ஒப்பந்தம். ஒவ்வொரு படியிலும் கிளப், டைமன்ட், ஹார்ட், ஸ்பேட், துருப்பில்லாத நோ ட்ரம்ப் என்று ஐந்து கேள்விகள். ஏழு படிக்கும் சேர்த்து மொத்தம் முப்பத்தைந்து. ஏலத்தில் மேலேதான் போகலாம். கீழே இறங்க முடியாது.

இதில்தான் சிக்கல். ஒருவர் கைக்கு வரக்கூடிய பதின்மூன்று சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் மேல். அவற்றைக் கூட்டாளிக்கு விளக்க நம்மிடம் இருப்பதோ முப்பத்தைந்து வார்த்தைகள். ஒரு வார்த்தையைச் சொன்னால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் செலவழிந்துவிடும். மாதக் கடைசியில் கையில் இருக்கும் பணத்தைப் போல, எண்ணி எண்ணித்தான் செலவு செய்யவேண்டும். பிரிட்ஜின் ஏல முறைகள் அத்தனையும் இந்தச் சிக்கன சாஸ்திரத்தின் கிளைகள்தான்.

கப்பலில் பிறந்த கணக்கு

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ‘விஸ்ட்’ ஆட்டத்தில் ஏலமே கிடையாது. அதிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்ஜ் பிறந்தது. அடுத்தது ‘ஆக்ஷன் பிரிட்ஜ்’, அதாவது ஏல பிரிட்ஜ். இதன் பிறப்பில் நம் தேசத்துக்கும் பங்கு சொல்வதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவில் ஒரு ஒதுக்குப்புறமான ஊரில் உத்தியோகம் பார்த்த மூன்று ஐ.சி.எஸ். அதிகாரிகள், நாலாவது ஆள் கிடைக்காமல், நாலாவது கைக்கு ஏலம் கேட்டு ஆடியதிலிருந்து இது வந்தது என்பது பிரிட்ஜ் சரித்திரம் எழுதுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை.

ஏல பிரிட்ஜில் ஒரு குறை இருந்தது. ‘டூ ஸ்பேட்’ என்று எட்டுப் பிடிக்குக் கேட்டுவிட்டு, பத்துப் பிடி எடுத்தால் பத்துக்கும் ‘கேம்’ கணக்கில் மதிப்பெண் உண்டு. ஆகவே உயரக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. எவ்வளவு தாழ்வாக ஏலத்தை முடிக்கிறோமோ அவ்வளவு லாபம். கூட்டாளியிடம் கையை விவரமாக விளக்கவேண்டிய தேவையும் இல்லை.

இதை மாற்றியவர் ஹரால்ட் ஸ்டர்லிங் வாண்டர்பில்ட். அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரக் குடும்பத்தில் 1884-ல் பிறந்தவர். பாய்மரப் படகுப் போட்டியில் 1930, 1934, 1937 ஆகிய மூன்று தடவையும் அமெரிக்கா கப்பைக் காத்தவர். 1925 இலையுதிர் காலத்தில் மூன்று நண்பர்களோடு ‘ஃபின்லாந்து’ என்ற கப்பலில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானாவுக்குப் பயணம் போனார். பிரான்ஸில் ‘பிளாஃபோன்’ என்று ஓர் ஆட்டம் இருந்தது. அதில் ஏலத்தில் கேட்ட அளவுக்குத்தான் கேம் கணக்கில் சேரும். அந்தத் தத்துவத்தை எடுத்துக்கொண்டு, தான் வகுத்த புதிய மதிப்பெண் அட்டவணையை அந்தக் கப்பலில் பரீட்சித்துப் பார்த்தார். 1925 நவம்பர் 1-ஆம் தேதி இரவு முதன்முதலாக ‘கான்ட்ராக்ட் பிரிட்ஜ்’ ஆடப்பட்டது. இன்று உலகம் முழுவதும் ஆடப்படுவது அதுதான்.

புதுக் கணக்கின் சாரம் இதுதான். பத்துப் பிடி எடுத்தால் மட்டும் போதாது. பத்து எடுப்பேன் என்று முன்னாலேயே ஏலத்தில் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு பிடி எடுப்பேன் என்று சொல்லி எடுத்தால் ‘ஸ்லாம்’. அதற்குப் பெரிய வெகுமதி. சொல்லாமல் எடுத்தால் வெகுமதி இல்லை. சொல்லி எடுக்காவிட்டால் அபராதம். எனவே ஒரே இரவில் ஏலத்தின் முக்கியத்துவம் பல மடங்கு கூடிவிட்டது. இரண்டு கைகளும் சேர்ந்து எவ்வளவு எடுக்கும் என்பதைச் சீட்டு இறங்குவதற்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும்.

வாண்டர்பில்ட்டின் கிளப்

பிரச்சினையை உண்டாக்கியவரே பரிகாரத்தையும் சொன்னார். 1929-ல் வெளியிட்ட புத்தகத்தில் வாண்டர்பில்ட் தம் ‘கிளப் கன்வென்ஷ’னை விளக்கினார். பலமான கை வந்தால் ‘ஒன் கிளப்’ என்று ஆரம்பி. கூட்டாளியிடம் சரக்கு இல்லையென்றால் ‘ஒன் டைமன்ட்’ என்று பதில் சொல்லட்டும். வேறு எதைச் சொன்னாலும் அவரிடமும் பலம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதன் தர்க்கம் சுலபமானது. பலமான கைக்குத்தான் அதிகம் பேசவேண்டியிருக்கும்; ஸ்லாம் வரை போகலாமா என்று விசாரிக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும். ‘ஒன் கிளப்’ என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் இன்னும் முப்பத்து நாலு கேள்விகள் மீதி இருக்கின்றன. பலமான கையை ‘டூ கிளப்’ என்று தொடங்கும் முறைகளில் மீதி இருபத்தொன்பதுதான். நெடுந்தூரம் போகிறவன் விடிகாலையிலேயே புறப்படுகிற மாதிரி.

ஆனால் உலகம் இதை ஏற்கவில்லை. காரணம் ஈலி கல்பர்ட்ஸன் என்ற மனிதர். ருமேனியாவில் அமெரிக்கத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் பிறந்தவர். விளம்பரக் கலையில் மகா நிபுணர். 1929-ல் ‘பிரிட்ஜ் வேர்ல்ட்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1930-ல் ‘புளூ புக்’ எழுதினார். 1931 டிசம்பரில் சிட்னி லென்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரோடு 150 ரப்பர் கொண்ட போட்டிக்குச் சவால் விட்டார். பத்திரிகைகள் அதை ‘நூற்றாண்டின் யுத்தம்’ என்று தினமும் முதல் பக்கத்தில் போட்டன. 1932 ஜனவரியில் கல்பர்ட்ஸன் 8,980 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் முறை இயற்கையானது: ஸ்பேட் இருந்தால் ஸ்பேட் என்று சொல், ஹார்ட் இருந்தால் ஹார்ட் என்று சொல். சொல்லிக்கொடுக்க எளிது, விற்கவும் எளிது. லட்சக்கணக்கானவர்கள் அதைப் படித்தார்கள். 1949-ல் சார்லஸ் கோரன் ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற கணக்கைப் பிரபலமாக்கியபோது இயற்கை முறை இன்னும் வேரூன்றியது. அந்தப் பாயின்ட் கணக்கையே இன்று எல்லாரும் பயன்படுத்துகிறோம்.

வாண்டர்பில்ட் பிரிட்ஜை வியாபாரமாக்கவில்லை. அதற்கான அவசியமும் அவருக்கு இல்லை. தாம் 1928-ல் வழங்கிய வாண்டர்பில்ட் கோப்பையைத் தாமே 1932-லும் 1940-லும் வென்றார் என்பது மட்டும் மிச்சம். அவர் வகுத்த மதிப்பெண் முறை உலகம் முழுவதும் பரவியது. அதற்கு அவரே சொன்ன பாஷை பல வருஷம் மூலையில் கிடந்தது.

நேப்பிள்ஸ் புரொபசர்

அந்த யோசனை மறுபடி தலையெடுத்தது அமெரிக்காவில் அல்ல, இத்தாலியில். நேப்பிள்ஸ் நகரைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியர் யூஜீனியோ கியராடியா ‘நியாபாலிடன் கிளப்’ என்ற முறையை வகுத்தார். 17 பாயின்ட்டும் அதற்கு மேலும் உள்ள கைக்கு ‘ஒன் கிளப்’. இதில் விசேஷம் பதிலில் இருந்தது. ஏஸுக்கு இரண்டு, ராஜாவுக்கு ஒன்று என்று எண்ணி, மொத்தம் எத்தனை என்பதைப் படிப்படியாகச் சொல்லும் பதில்கள். ‘ஒன் ஸ்பேட்’ என்றால் மூன்று, ‘ஒன் நோ ட்ரம்ப்’ என்றால் நாலு, ‘டூ கிளப்’ என்றால் ஐந்து. ஸ்லாம் விஷயத்தில் முதலில் தெரியவேண்டியது எதுவோ, அது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

மாடெனா நகரத்து வக்கீலான கார்ல் ஆல்பர்ட்டோ பெரூ, தாம் ஆடாமல் அணித் தலைவராக இருந்து, கண்டிப்பான வாத்தியாரைப் போல அணியை நடத்தினார். அதுதான் ‘புளூ டீம்’. 1957, 58, 59. 1961, 62, 63. 1965, 66, 67, 69 என்று பெர்முடா பௌல் தொடர்ந்து இத்தாலிக்கே போனது. இடையே 1964-லும் 1968-லும் ஒலிம்பியாட் பட்டங்கள் வேறு. பியெட்ரோ ஃபோர்க்கே, பெனிட்டோ கரோட்ஸோ, ஜார்ஜியோ பெல்லடோனா ஆகிய பெயர்கள் பிரிட்ஜ் உலகில் நம் சங்கீத மும்மூர்த்திகள் மாதிரி. பெல்லடோனாவும் வால்டர் அவரெல்லியும் ஆடிய ‘ரோமன் கிளப்’ வேறு வகை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் ‘ஒன் கிளப்’ பலமான கையையும் குறிக்கலாம், சாதாரணக் கையையும் குறிக்கலாம். நேப்பிள்ஸ் முறையைக் கரோட்ஸோ செப்பனிட்டதுதான் ‘புளூ டீம் கிளப்’ என்று பிற்பாடு பெயர் பெற்றது.

இத்தாலியர்களின் வெற்றிக்கு முறைதான் காரணமா, ஆட்கள்தான் காரணமா என்ற விவாதம் அப்போதே இருந்தது. கரோட்ஸோ கையில் எந்த முறையைக் கொடுத்தாலும் ஜெயித்திருப்பார் என்று சொன்னவர்கள் ஏராளம். இந்த விவாதத்துக்கு ஒரு சோதனை தேவைப்பட்டது. அது யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

கப்பல் முதலாளியின் பிரிசிஷன்

சி.சி. வெய் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் கப்பல் தொழில் நடத்தியவர். பெரிய பிரிட்ஜ் வீரர் அல்ல. ஆட்டத்தைத் தர்க்கமாக யோசித்தவர். 1960-களில் அவர் வகுத்த முறைக்குப் ‘பிரிசிஷன்’ என்று பெயர். நியாபாலிடன் முறையைவிட மிகவும் எளிமையானது. 16 பாயின்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் ‘ஒன் கிளப்’. பதிலில் ‘ஒன் டைமன்ட்’ என்றால் 7-க்கு மேல் இல்லை. வேறு பதில் என்றால் பெரும்பாலும் 8-ம் அதற்கு மேலும். அதன்பிறகு கேம் வரும்வரை ஏலத்தை நிறுத்தக்கூடாது. ‘ஒன் ஹார்ட்’, ‘ஒன் ஸ்பேட்’ என்று ஆரம்பித்தால் அந்த இனத்தில் ஐந்து சீட்டு, 11 முதல் 15 பாயின்ட். ‘ஒன் நோ ட்ரம்ப்’ என்றால் சமச்சீரான கை, 13 முதல் 15.

இந்த ‘15-க்கு மேல் இல்லை’ என்பதைக் கவனிக்க வேண்டும். கிளப் முறையின் நிஜமான பலம் ‘ஒன் கிளப்’பில் மட்டும் இல்லை, மற்ற எல்லாக் கேள்விகளிலும் இருக்கிறது. இயற்கை முறையில் ‘ஒன் ஸ்பேட்’ என்று ஒருவர் சொன்னால் அவரிடம் 12-ம் இருக்கலாம், 20-ம் இருக்கலாம். பிரிசிஷனில் பலமான கைகள் எல்லாம் ‘ஒன் கிளப்’ என்ற ஒரே அறைக்குள் போய்விடுவதால், மற்ற அறைகளில் இருப்பவர்கள் யார் என்பது கூட்டாளிக்கு உடனே தெரிந்துவிடுகிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரிகிறது.

வெய் இந்த முறையைத் தைவான் அணிக்குக் கற்றுக்கொடுத்தார். உலக அரங்கில் அதுவரை யாரும் பொருட்படுத்தாத அணி அது. 1969-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பெர்முடா பௌலில், வட அமெரிக்க அணியைப் பின்தள்ளிவிட்டு அந்தத் தைவான் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. இத்தாலியிடம் தோற்றாலும் பிரிட்ஜ் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ‘ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்’ என்றவர்கள், 1970-ல் ஸ்டாக்ஹோமிலும் அதே தைவான் இறுதிக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வருஷம் ஜெயித்த அமெரிக்க ‘ஏசஸ்’ அணியிலும் ஒரு ஜோடி ‘ஆரஞ்சு கிளப்’ என்ற பலமான கிளப் முறையைத்தான் ஆடியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சான்றிதழ் 1972-ல் கிடைத்தது. ஓய்வு பெற்றிருந்த புளூ டீம் மயாமி பீச் ஒலிம்பியாடுக்குத் திரும்பி வந்தபோது, தங்கள் பழைய முறைகளை விட்டுவிட்டுப் பிரிசிஷனை ஆடி ஜெயித்தது. குருவே சிஷ்யனின் பாடாந்தரத்தை எடுத்துக்கொண்ட கதை. பிறகு கரோட்ஸோவும் பெல்லடோனாவும் அதை விரிவாக்கிச் ‘சூப்பர் பிரிசிஷன்’ ஆக்கினார்கள்.

கோடீஸ்வரப் படகோட்டி, தத்துவப் பேராசிரியர், கப்பல் முதலாளி. மூவருமே பிரிட்ஜை ஜீவனத்துக்காக ஆடாதவர்கள். இந்த முறையை வகுத்தவர்கள் இவர்கள்தான் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

ஒரு கையைப் பார்ப்போம்

தத்துவம் போதும். நானே அமைத்த ஓர் உதாரணம்.

உங்கள் கை: ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, 6, 4, ஹார்ட்டில் ஏஸ், 3, டைமன்டில் ஏஸ், 6, 5, கிளப்பில் ராஜா, 7, 2. மொத்தம் 20 பாயின்ட்.

பார்ட்னர் கை: ஸ்பேடில் ஜாக்கி, 8, 3, ஹார்ட்டில் ராஜா, ராணி, 9, 5, 2, டைமன்டில் 8, 7, 4, கிளப்பில் ஏஸ், 5. மொத்தம் 10 பாயின்ட்.

ஸ்பேட் துருப்பாக இருந்தால், துருப்புகள் ரொம்பவும் மோசமாகப் பிரியாத பட்சத்தில், இங்கே பன்னிரண்டு பிடி இருக்கிறது. துருப்பில் ஐந்து, ஹார்ட்டில் மூன்று, டைமன்ட் ஏஸ், கிளப்பில் ஏஸும் ராஜாவும், மூன்றாவது கிளப்பைப் பார்ட்னர் கையில் துருப்பால் வெட்டி ஒன்று. ஹார்ட் ராணியின் மேல் ஒரு டைமன்டைக் கழித்துவிட்டால் தோற்பது ஒரே ஒரு டைமன்ட் பிடி.

பிரிசிஷனில் ஏலம் இப்படிப் போகும். நீங்கள் ‘ஒன் கிளப்’: 16-க்கு மேல். பார்ட்னர் ‘ஒன் ஹார்ட்’: 8-க்கு மேல், ஹார்ட் ஐந்து. நீங்கள் ‘ஒன் ஸ்பேட்’: ஸ்பேட் ஐந்து. பார்ட்னர் ‘டூ ஸ்பேட்’: எனக்கும் சம்மதம். இன்னும் இரண்டாவது படியில்தான் இருக்கிறோம். அதற்குள் துருப்பு நிச்சயமாகிவிட்டது. கேம் நிச்சயம் என்பதும் இருவருக்கும் தெரியும். ஏஸ்களையும் ராஜாக்களையும் நிதானமாக விசாரித்துக்கொண்டு ‘சிக்ஸ் ஸ்பேட்’ வரை போக எத்தனையோ படிகள் மீதி. இயற்கை முறையிலும் இங்கே வந்து சேரலாம். ஆனால் 20 பாயின்ட்டைத் தெரிவிக்க நீங்கள் எங்கேயாவது தாவிக் குதிக்க வேண்டும். குதிக்கும்போது நடுவில் உள்ள படிகள் வீணாகும்.

இன்றைய டூப்ளிகேட் கணக்கில், ‘வல்னரபிள்’ நிலையில், ‘சிக்ஸ் ஸ்பேட்’ கேட்டு எடுத்தால் 1,430. ‘ஃபோர் ஸ்பேட்’டில் நின்றுவிட்டு அதே பன்னிரண்டு பிடியை எடுத்தால் 680. ஒரே சீட்டுகள், ஒரே பிடிகள், வித்தியாசம் 750.

எதிராளி சும்மா இருப்பாரா?

இவ்வளவு நல்ல முறையை ஏன் எல்லாரும் ஆடவில்லை? ‘ஒன் கிளப்’ என்றதும் எதிராளிக்கும் உங்கள் கை பலமானது என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் இனம் எது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து அவர், ஒன்றுமில்லாத கையில் ஆறேழு ஹார்ட்டை வைத்துக்கொண்டு ‘த்ரீ ஹார்ட்’ என்று குதித்தால், நீங்கள் சேமித்து வைத்த படிகள் அத்தனையும் போயிற்று. முகூர்த்த நேரத்தில் பக்கத்து மண்டபத்தில் பேண்டு வாசிக்கிற மாதிரி. ‘ஒன் கிளப்’பை எதிர்ப்பதற்கென்றே முறைகள் வந்தன. அமெரிக்க வீரர் லூ மேத்தி பெயரால் வழங்குவதில், ‘டபுள்’ என்றால் ஹார்ட்டும் ஸ்பேடும், ‘ஒன் நோ ட்ரம்ப்’ என்றால் கிளப்பும் டைமன்டும். பலம் குறைந்த கைகளில் ‘ஒன் டைமன்ட்’ என்று தொடங்குவது, வேறு எங்கும் பொருந்தாத கைகளுக்கான பரண் மாதிரி ஆகிவிடுவதும் இந்த முறையின் குறைதான்.

இருந்தாலும் முறை ஒழியவில்லை. அமெரிக்காவின் ஜெஃப் மெக்ஸ்ட்ராத், எரிக் ராட்வெல் ஜோடி 1981-ல் முதல் முறையாகப் பெர்முடா பௌல் வென்றது. பலமான கிளப்பை அடிப்படையாகக் கொண்ட தங்கள் முறையால் அவர்கள் பல பத்தாண்டுகள் உலகை ஆண்டார்கள்.

ஜாடையா, பாஷையா?

மாமிகளின் கேள்விக்கு வருகிறேன்.

1975-ல் பெர்முடாவிலேயே நடந்த பெர்முடா பௌலில், வீரர்கள் எதிரே உள்ள பார்ட்னரின் முகத்தைப் பார்க்க முடியாதபடி மேஜைக்குக் குறுக்கே முதல் முறையாகத் திரை கட்டினார்கள். திரை மேஜைக்கு மேலேதான், கீழே இல்லை. இத்தாலிய ஜோடி ஒன்றில் ஒருவர் மேஜைக்கு அடியில் பார்ட்னரின் காலைத் தொடுவதாகப் புகார் எழுந்தது. விசாரணை நடந்தது, அவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். மேஜைக்கு அடியில் சிறிய காபி மேஜைகளை வைத்துக் கால்களைப் பிரித்தார்கள். அதே போட்டியின் இறுதியில், அந்தப் புகாரில் சம்பந்தப்படாத பெல்லடோனாவும் கரோட்ஸோவும் ‘செவன் கிளப்’ வரை ஏலம் கேட்டார்கள். துருப்பு ராஜாவோ எதிராளி கையில். ஆனால் அது பிடிபடும் இடத்தில் இருந்ததால் பதின்மூன்று பிடியும் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது.

ஒரே அணி, ஒரே போட்டி. கால் ஜாடைக்குக் கண்டனம். ‘சூப்பர் பிரிசிஷ’னின் செயற்கையான ஏலத்துக்கு மரியாதை. இரண்டுமே கூட்டாளிக்குச் செய்தி சொல்வதுதானே? வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஏல முறையை எதிராளிக்கும் சொல்லியாக வேண்டும். பிரிட்ஜ் சட்டத்தில் கூட்டாளிகளுக்கு மட்டும் தெரிந்த ரகசிய ஒப்பந்தம் என்று எதுவும் இருக்கக்கூடாது. உங்கள் முறை முழுவதையும் ஓர் அட்டையில் எழுதி எதிராளி பார்க்கும்படி வைக்க வேண்டும். செயற்கையான கேள்வி வந்தால் ‘அலர்ட்’ சொல்ல வேண்டும். எதிராளி கேட்டால் விளக்க வேண்டும். அதை விளக்குவதும் கேள்வி கேட்டவர் அல்ல, அவருடைய பார்ட்னர். உலக பிரிட்ஜ் ஃபெடரேஷன் ஏல முறைகளை நிறம் கொடுத்துப் பிரித்திருக்கிறது. பலமான கிளப் முறைகளுக்கு நீல நிறம். எதிராளி தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டு தயாராகலாம்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நகரப் போட்டியில் எங்களுக்கு எதிரே ஆடிய ஜோடி, ‘ஒன் டைமன்ட்’ என்ற பதிலுக்கு அட்டையில் எழுதாத ஓர் அர்த்தம் வைத்திருந்தது. ஆட்டம் முடிந்தபின் அவர்கள் பேச்சிலேயே அது வெளிப்பட்டது. டைரக்டரைக் கூப்பிட்டோம். அவர் அந்த ஆட்டத்தின் மதிப்பெண்ணைத் திருத்தினார். அந்த அர்த்தத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு, சொல்லாமல் விட்டதுதான் தவறு என்றார். ஜாடைக்கும் பாஷைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை.

நான் பிரிசிஷன் கற்றது எழுபதுகளின் பிற்பகுதியில், கைக்குக் கை மாறி வந்த சைக்ளோஸ்டைல் குறிப்பிலிருந்து. என் பார்ட்னர் ஒரு வங்காளி நண்பர். அவருக்குத் தமிழ் தெரியாது; என் வங்காளி மார்க்கெட்டைத் தாண்டாது. இருபது வருஷம் நாங்கள் சண்டையில்லாமல் பேசியது அந்தப் பன்னிரண்டு பக்கத்து பாஷையில்தான். அதில் எங்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு வார்த்தையும் எதிரே உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஜெயிக்க முடிந்தது என்பதில்தான் சந்தோஷம்.

நம் தேசம் இந்த ஆட்டத்தில் பின்தங்கியதல்ல. 1988-ல் வெனிஸ் ஒலிம்பியாடில் இந்திய அணி அரையிறுதி வரை போயிற்று. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் முறையாக பிரிட்ஜைச் சேர்த்தபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் கல்கத்தாவைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றார்கள். அப்போது அவர்களுக்கு வயது 60, 56. ரிட்டயர் ஆனபின் என்ன செய்வது என்று கேட்கும் அங்கத்தினர்கள் இதைக் கவனிக்கவும்.

புதிதாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: முதல் ஆறு மாதம் இயற்கை முறையில் ஆடுங்கள். சீட்டின் மதிப்பும் துருப்பின் போக்கும் பிடிபட்ட பிறகு பிரிசிஷனுக்கு மாறலாம். ஒரே பார்ட்னரோடு ஆடுவது அவசியம். பார்ட்னர் சகதர்மிணியாக இருந்தால் பொறுமையும் அவசியம். நம் சங்கக் கட்டடத்தின் மாடி அறை ஞாயிறு மாலைகளில் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு மேஜையும் இரண்டு சீட்டுக்கட்டும் போதும். நிர்வாகக் குழு சம்மதித்தால், கற்றுக்கொடுக்க நான் தயார்.